உணராத தீப்புண்



கனன்று கொண்டிருக்கும் அடுப்பில் தவறிக் கை பட்டுவிட்டால் என்ன நிகழ்கிறது? சுட்டுவிட்டது என்று மனம் அறிவதற்கு முன்பே கை பின்வாங்கிவிடுகிறது. தோலிலிருந்து புறப்பட்ட செய்தி முதுகுத் தண்டை அடைந்து, மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அங்கிருந்தே திரும்பி வந்து தசையை இழுக்கிறது. இதனை அனிச்சைச் செயல் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் தோலைப் பெரும் புண்களிலிருந்து நாள்தோறும் காத்து வரும் காவலன் இவனே.

அறுவைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்ட மனிதனுக்கு இந்தக் காவலன் இல்லை. வலியை அகற்றும்போது, வலி செய்து வந்த காவலையும் சேர்த்தே நாம் அகற்றிவிடுகிறோம். அவன் உடல்மேல் கொதிக்கும் பொருளை வைத்தாலும் அவன் நெளியமாட்டான், முனகவும் மாட்டான். ஆகவே அவன் விழிக்கும் வரையில் அந்தக் காவலைப் பிறர் ஏற்றாக வேண்டும். நாற்பது ஆண்டுகள் நோயாளிகளை உறங்க வைத்து எழுப்புவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். அறுவை செய்வோரின் கண் எப்போதும் கத்தி முனையில் இருக்கும், இருக்கவும் வேண்டும். உறங்குகிற மனிதனின் மற்ற அங்கங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது என் போன்றோரின் வேலை. அந்தக் கோணத்திலிருந்துதான் அறுவைக் கூடத்தில் நேரும் தீப்புண்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

இந்தப் பொருளை என்னிடமிருந்து கேட்டு வாங்கியவர்கள் கொல்லிமலை மாணவர்கள். நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையின் உச்சியில் இருக்கும் அந்த மலையை உங்களிற் பலர் அறப்பளீசுவரர் கோயிலுக்காகவோ ஆகாய கங்கை அருவிக்காகவோ கண்டிருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த ஊர்கள் அவை. வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், கொல்லிப்பாவை நின்ற மலை என்றும் சங்கப் புலவர்கள் பாடியது அதனைத்தான். சிறிய புண்ணுக்கு மலைமேலேயே மருத்துவம் கிடைக்கும். பெரிய அறுவை என்றால் கீழே இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ வந்தாக வேண்டும். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பயணம் சற்றுக் குறுகியிருக்கிறது. வளைவுகள் மட்டும் குறையவில்லை.

செம்மேட்டில் ஒரு மருத்துவ முகாம் முடிந்த மாலைப் பொழுதில், அங்குள்ள பள்ளி விடுதி மாணவர்கள் சிலர் என்னைச் சூழ்ந்து கொண்டனர். குடலிறக்க அறுவைக்காகக் கீழே அனுப்பவிருந்த முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, வெள்ளி அரைஞாணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்" என்று நான் அன்று காலையில் சொல்லியிருந்தேன். அவர் சற்று மனங்கலங்கிவிட்டார். பிறந்த குழந்தைக்குக் கட்டி, இறந்த பின்னரே அறுக்கும் அரைஞாணை உயிரோடு இருக்கையில் கழற்றச் சொல்வது அவருக்கு நற்குறியாகப் படவில்லை. அதைக் கவனித்திருந்த ஒரு பையன், "டாக்டர் ஐயா, அரைஞாண் ஆபரேஷனுக்கு என்ன இடைஞ்சல் செய்யும்?" என்றான். "தம்பி, அது சுட்டுவிடக் கூடும்" என்றேன். "ஆபரேஷன் அறையில் நெருப்பு ஏது?" என்று உடனே மறுகேள்வி வந்தது. நல்ல கேள்வி. அதற்குரிய விடை நீளமானது.

உடலைச் சுட்டு நோய் தீர்ப்பது புதிய செய்தியன்று. அறுவை, அக்கினி, காரம் என்று நம் சித்த மருத்துவம் வகுத்த மூன்றில் அக்கினி நடுவில் நிற்கிறது. சுட்டிகை என்ற பெயரில் இரும்பையும் பிற பொருள்களையும் காய்ச்சிச் சூடிடும் முறைகள் இருந்தன. சுசுருதரின் நூலில் சூடிடும் முறைக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. அங்கே அவர் ஒரு நுட்பமான காரியம் செய்கிறார்: சூடிடுவதைச் சொல்லிய கையோடு, சூடு தவறிப் பட்டால் உண்டாகும் புண்ணையும் ஆழத்துக்கேற்ப வகுத்து, அதற்கு மருந்தும் சொல்கிறார். நெருப்பைக் கருவியாக எடுப்பவன் அதன் பிழைக்கும் மருந்து அறிந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இன்றைய அறுவைக் கூடத்தில் அந்தக் காய்ச்சிய இரும்பின் இடத்தை மின்கத்தி பெற்றிருக்கிறது. மருத்துவமனைகளில் டயதெர்மி என்றும் காட்டரி என்றும் சொல்வார்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி மீளுவது. அது உடலிற் பாய்ந்தால் தசைகள் வெட்டி இழுக்கும், இதயம் நின்றும் போகும். ஆனால் நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் தசையைத் துடிக்கச் செய்யாமலே உடலினூடே செல்லும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் தார்சன்வால் காட்டினார். மின்கத்தி நொடிக்குப் பல இலட்சம் முறை திசை மாறும் மின்னோட்டத்தால் வேலை செய்கிறது. நரம்பும் தசையும் அத்தனை விரைவான மாற்றத்தைப் பின்தொடர இயலாமல் சும்மா இருந்துவிடுகின்றன. வெப்பம் மட்டும் உண்டாகிறது.

இதை அறுவை மருத்துவத்தில் நிலைபெறச் செய்தவர்கள் இருவர். ஒருவர் வில்லியம் போவி என்ற விஞ்ஞானி. மற்றவர் மூளை அறுவை வல்லுநர் ஹார்வி குஷிங். 1926 அக்டோபர் 1ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், முன்பு குருதிப் பெருக்குக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்தியிருந்த ஒரு தலைக் கட்டியைப் போவியின் கருவி கொண்டு குஷிங் அகற்றினார். அதற்குப் பின் மூளை அறுவையின் வரலாறே மாறிற்று. ஆனால் அந்தத் தொடக்க நாட்களிலேயே கருவி தன் குணத்தையும் காட்டிவிட்டது. ஒருமுறை மின்னோட்டம் உலோகக் கருவி வழியே குஷிங்கின் கையில் ஏறி, அவர் தலையில் அணிந்திருந்த விளக்கின் கம்பி வழியே வெளியேறியது. மின்சாரம் நாம் வகுத்த வழியில்தான் போக வேண்டும் என்பதில்லை. அது தனக்குக் கிடைத்த வழியிலெல்லாம் போகும்.

இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். மின்கத்தியின் முனையிலிருந்து உடலுக்குள் செல்லும் மின்னோட்டம் திரும்பிக் கருவிக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் சுற்று நிறைவு பெறாது. கத்தி வேலை செய்யாது. திரும்பி வருவதற்காக நோயாளியின் தொடையிலோ பிட்டத்திலோ ஓர் அகன்ற தகட்டைப் பதிக்கிறார்கள். முனையில் நுழைவதும் தகட்டில் வெளியேறுவதும் ஒரே அளவு மின்னோட்டந்தான். அப்படியானால் முனையில் சதை வெந்து போக, தகட்டின் அடியில் தோல் இளஞ்சூடு கூடக் காணாதிருப்பது எப்படி? எல்லாம் பரப்பின் வேறுபாடு. மதகின் வாயில் ஆளையே தள்ளும் நீர், வயலிற் பரவிய பின் நாற்றின் வேரைக்கூட அசைப்பதில்லை அன்றோ? அதுபோலத்தான். தொடும் பரப்பு பாதியாகக் குறைந்தால் அவ்விடத்தில் மின்னோட்டத்தின் செறிவு இருமடங்காகும். வெப்பமோ செறிவின் இருமடிக்கேற்ப உயர்வதால் நான்கு மடங்காகிவிடும். பரப்பு நான்கில் ஒன்றானால் வெப்பம் பதினாறு மடங்கு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் தகட்டுத் தீப்புண் முழுவதும் விளங்கிவிடும்.

தகடு முழுமையாகத் தோலோடு பொருந்தியிருக்கும் வரை அது தீங்கற்றது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது ஓர் ஓரம் பெயர்ந்துவிட்டால், மீதி ஓரம் இன்னொரு மின்கத்தி ஆகிவிடுகிறது. அடர்ந்த மயிர், பழைய தழும்பு, எலும்பு துருத்திய இடம், இவற்றின் மேல் தகடு சரியாகப் பொருந்தாது. சதைப்பிடிப்பும் குருதி ஓட்டமும் உள்ள, காய்ந்த, தூய தோலே அதற்கு ஏற்ற இடம். பழைய நாட்களில் உலோகத் தகட்டை உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றி வைப்பார்கள். நீண்ட அறுவையில் துணி ஆங்காங்கே காய்ந்துவிடும். ஈரம் எஞ்சிய சிறு இடத்திலேயே மின்னோட்டம் முழுவதும் குவியும். இப்போது ஒட்டும் பசையோடு கூடிய தகடுகள் வந்துள்ளன. இரு பாதியாகப் பிரித்த தகடு ஒன்று 1980களில் வழக்கத்துக்கு வந்தது. இரு பாதிகளும் தோலோடு பொருந்தியுள்ளனவா என்று கருவி தானே ஓயாது சோதித்து, பொருத்தம் குறைந்தால் அபாய ஒலி எழுப்பி மின்னோட்டத்தை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே ஒருமுறைக்கென்று செய்த தகட்டைச் சிக்கனம் கருதிப் பலமுறை பயன்படுத்தி, பசை போன பின் பிளாஸ்திரி போட்டு ஒட்டும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். இது சிக்கனம் அன்று. மிச்சமாகும் சில நூறு ரூபாயை நோயாளி தன் தோலால் கொடுக்க நேரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுவையின் நடுவில், "கத்தி சரியாகப் பிடிக்கவில்லை, மின்சாரத்தை ஏற்று" என்று அறுவை மருத்துவர் சொல்வது உண்டு. அனுபவமுள்ள செவிலியர் உடனே விசையைத் திருப்பமாட்டார்; குனிந்து தகட்டைப் பார்ப்பார். வழக்கமான அளவில் வேலை செய்து வந்த கத்தி திடீரென்று மந்தப்படுமானால், திரும்பும் வழியில் ஏதோ கோளாறு என்று பொருள். அப்போது மின்சாரத்தை ஏற்றுவது, அடைபட்ட வாய்க்காலில் மேலும் மதகைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். கொல்லிமலையைச் சேர்ந்த உழவர் ஒருவர், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மைல் நடந்து செல்ல வேண்டிய சிற்றூர்க்காரர், கீழே வந்து அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பினார். அறுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் பிட்டத்தில், உள்ளங்கையளவு இடம் முதலில் வெளுத்து, பிறகு கறுத்து, தோல் போல் தடித்தது. படுத்த படுக்கையால் வந்த புண் என்று சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். இரண்டே நாள் படுத்திருந்த திடமான உழவருக்குப் படுக்கைப் புண் எப்படி வரும்? நான் முகாமில் அவரைக் கண்டபோது புண்ணின் விளிம்பு அளவுகோல் வைத்து வரைந்தது போல் நேராக இருந்தது. தகட்டின் ஓரம் அது. "என்ன தப்பு செய்தேனோ, சாமி குத்தமோ தெரியலைங்க" என்றார் அவர். என் மனத்தில் தைத்தது அந்தச் சொல்தான். நேர்ந்தது இன்னதென்று அவரிடம் அன்றே ஒருவர் சொல்லியிருந்தால், அந்தப் பழியை அவர் தன் தலைமேலும் தன் தெய்வத்தின் தலைமேலும் ஏற்றிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. புண்ணும் முதல் வாரத்திலேயே உரிய கைக்குப் போயிருக்கும். பிறகு சேலத்தில் வெந்த சதையை அகற்றி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அறுவையைக் காட்டிலும் தீப்புண்ணுக்காகவே அவர் மிகுதியான நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

மின்னோட்டத்தால் உண்டாகும் இத்தகைய புண் பார்வைக்குச் சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கக்கூடும். அறுவை முடிந்த உடனே சிவப்பாக ஒரு சிறு திட்டு மட்டுமே தெரியலாம். அதன் உண்மையான ஆழம் சில நாள் கழிந்த பின்னரே வெளிப்படும். ஆகவே தகட்டை எடுக்கும்போது அவ்விடத்தைப் பார்த்துக் குறித்து வைப்பது சடங்கன்று.

இனி அரைஞாணுக்கு வருகிறேன். முந்தைய கருவிகள் நிலத்தோடு இணைக்கப்பட்டவை. தகடு பெயர்ந்தால் மின்னோட்டம் நோயாளியின் உடலில் உலோகம் தொடும் வேறோர் இடத்தின் வழியே நிலத்துக்குத் தப்பிச் செல்லும்: மேசையின் விளிம்பில் படும் முழங்கை, இதயத் துடிப்பைப் பதிவு செய்ய ஒட்டிய சிறு பொத்தான், மேசையைத் தொடும் வெள்ளி அரைஞாண், கொலுசு, மெட்டி என எதுவாகவும் இருக்கலாம். பிற்காலத்தில் நிலத்தொடர்பு இல்லாத தனிச்சுற்றுக் கருவிகள் வந்த பிறகு இந்த அபாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அடியோடு போய்விடவில்லை. அறுக்கும் இடத்துக்கு அருகே கிடக்கும் உலோகம் கத்தி முனையில் நேரே பட்டாலும் சுடும். கழற்றக் கூடியதைக் கழற்றிவிடுவதே மேல். தாலியைக் கழற்ற மனமில்லாத பெண்களுக்கு நான் வற்புறுத்தியதில்லை. அறுவை கழுத்தில் இல்லையெனில், மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளச் சொல்லி, பொன் உருக்களைப் பிளாஸ்திரியால் மூடிவிடுவோம். அந்த முதியவருக்கும் வழி எளிதாகவே கிடைத்தது: வெள்ளியை மகனிடம் கொடுத்துவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். கயிறு மின்சாரத்துக்கு வழிவிடாது, வழக்கமும் கெடவில்லை.

வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வழியே செய்யும் அறுவைகளில் வேறொரு நுட்பமான அபாயம் உண்டு. நீண்ட கருவியின் மேலிருக்கும் காப்புறை மயிரிழையளவு விரிந்திருந்தாலும், கேமரா காட்டாத இடத்தில் மின்பொறி பாய்ந்து குடலைச் சுட்டுவிடும். அது தோலில் தெரியாது. சில நாள் கழித்துக் காய்ச்சலும் வயிற்று வலியுமாக வெளிப்படும். காப்புறையைச் சோதிக்காமல் கருவியை மேசைக்குக் கொண்டுவரலாகாது என்பதன்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை.

மின்சாரம் சுடுவது ஒருபுறம் இருக்க, மெய்யாகவே தீப்பற்றுவதும் உண்டு. எந்தத் தீக்கும் மூன்று பொருள் வேண்டும்: எரிபொருள், பிராணவாயு, பொறி. அறுவைக் கூடத்தில் மூன்றும் மூன்று பேர் கையில் இருக்கின்றன. பொறி அறுவை மருத்துவர் கையில். பிராணவாயு மயக்க மருத்துவர் கையில். ஸ்பிரிட்டும் துணியும் பஞ்சுமாகிய எரிபொருள் செவிலியர் கையில். மூவரும் ஒருவரோடொருவர் பேசாதிருப்பதே தீ மூளுவதற்குப் போதும்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் ஈதரால் நோயாளியை உறங்க வைத்துக் காட்டினார். மனித குலம் அதற்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஈதர் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றினும் கனமானதாகையால் தரையோடு தவழும். மின்கத்தி வந்தபின் ஈதரும் பொறியும் ஓரறையில் கூடின. தரையில் மின்னூட்டம் சேராதிருக்கத் தனிவகைத் தளமும் காலணியும் வைத்தார்கள். மின் பொருத்திகளைத் தரையிலிருந்து உயரத்தில் அமைத்தார்கள். 1951இல் ஆக்கப்பட்டு 1956இல் மருத்துவத்துக்கு வந்த ஹாலோதேன், தீப்பற்றாத மயக்கமருந்து. அதுவும் அதன் பின் வந்தவையும் ஈதரை வெளியேற்றின. அறுவைக் கூடத்தில் தீ என்ற பேச்சே ஒழிந்தது என்று பலரும் நினைத்தனர். ஒழியவில்லை, வேறு வாயில் வழியே உள்ளே வந்தது.

அந்த வாயில் ஸ்பிரிட். அறுக்குமுன் தோலைத் தூய்மை செய்யும் மருந்துகளில் பல, எழுபது சதவீத அளவு ஆல்கஹால் கொண்டவை. நம் ஊர் வெப்பத்தில் அதன் ஆவி பொறி பட்ட மாத்திரத்தில் பற்றும். தாராளமாக ஊற்றித் துடைத்தால் தொப்புளிலும், கழுத்துக் குழியிலும், முதுகின் அடியில் விரித்த துணியிலும் தேங்கும். உடனே மேலே துணி போர்த்துவிட்டால் ஆவி உள்ளேயே அடைபடும். பிறகு ஒரு பொறி போதும். அதன் சுடர் நீலநிறமானது. அறுவை விளக்கின் வெள்ளொளியில் கண்ணுக்கே தெரியாது. துணி கருகும் நாற்றம் வந்த பிறகே தெரியும். இதற்குப் பரிகாரம் மிக எளிது: காத்திருத்தல். மயிரற்ற தோலில் குறைந்தது மூன்று நிமிடம். தலைமயிர் நனைந்திருந்தால் ஒரு மணி நேரம் கூட ஆகலாம். தேங்கியதைத் துடைக்க வேண்டும். நனைந்த துணியை அகற்ற வேண்டும். மூன்று நிமிடம் எத்தனை நீளமானது என்பதை, கையுறை அணிந்து கத்தியோடு நிற்கும் அவசரக்காரரைப் பார்த்தால்தான் அறியலாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஆகவில்லை" என்று சொல்லும் துணிவு செவிலியருக்கு வேண்டும். அதைக் கேட்கும் பணிவு மருத்துவருக்கு வேண்டும்.

பிராணவாயு தானாக எரிவதில்லை. எரிவதை வெறியோடு எரியச் செய்வது. காற்றில் அது 21 சதவீதம். முகத்திலோ கழுத்திலோ அறுவை செய்யும்போது, அரைமயக்கத்தில் இருப்பவருக்கு முகமூடி வழியே அதனைத் தாராளமாக விட்டால், துணியின் அடியில் அது தேங்கும். அத்தகைய அறுவைகளில் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. தொண்டையில் செய்யும் அறுவை இதனினும் கொடிது. மூச்சுக்குழாயில் வைத்த பிளாஸ்டிக் குழல் தீப்பற்றினால் அது ஊதுகுழல் போல் நுரையீரலை நோக்கி எரியும். அந்நேரத்தில் யோசனைக்கு இடமில்லை. வாயுவை நிறுத்திக் குழலை உருவி, உப்புநீரைக் கொட்டி, பிறகே மூச்சுக்கு மறுவழி தேட வேண்டும்.

தீயும் மின்சாரமும் இல்லாமலே சுடுவன சில. 121 அல்லது 134 பாகை சென்டிகிரேடில் கொதிநீராவியில் வெந்து வந்த உலோகக் கருவியை ஆறவிடாமல் உதட்டில் வைத்தால் உதடு வேகும். மலைக்குளிர் உள்ள இடங்களில் மற்றொரு தீங்கைக் கண்டிருக்கிறேன். மயக்கத்தில் உடல் குளிர்ந்து போவதால், அன்பின் மிகுதியால் வெந்நீர்ப் புட்டியைக் காலருகே வைத்துவிடுகிறார்கள். விழித்திருப்பவன் காலை நகர்த்திக்கொள்வான், மயங்கியவன் நகர்த்தமாட்டான். 1947இல் மாரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கைக் கண்டறிந்தனர். 60 பாகை வெப்பம் சில நொடிகளில் செய்யும் தீங்கை, 44 பாகை வெப்பம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் செய்துவிடும். கை வைத்தால் இதமாகத் தோன்றும் சூடு, நெடுநேரம் ஒரே இடத்தில் இருந்தால் தோலைக் கொல்லும். உடலின் பாரம் அவ்விடத்தை அழுத்திக் குருதி ஓட்டத்தை நிறுத்துமானால் இன்னும் விரைவாகக் கொல்லும். வெந்நீர்ப் புட்டியை மயங்கியவர் அருகே வைப்பதைவிட, கம்பளியால் போர்த்துவதும், ஏற்றும் திரவத்தை அளவாக வெதுவெதுப்பாக்குவதும், அளந்த வெப்பக் காற்றை ஊதும் கருவியை முறைப்படி பயன்படுத்துவதும் நல்லவை.

இத்தனையும் மீறிச் சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது யாது?

முதலில் சுடும் பொருளை அகற்றுதல்: மின்னோட்டத்தை நிறுத்தி, எரியும் துணியை உருவித் தரையில் எறிதல். அடுத்தது நீர். ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் நனைக்க வேண்டும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. மேசையில் படுத்திருப்பவரைக் குழாயடிக்குக் கொண்டு போக முடியாதாகையால், குளிர்ந்த தூயநீரில் நனைத்த துணியை அடிக்கடி மாற்றி வைப்பார்கள். உடல் முழுதும் குளிர்ந்து போகாமலும் பார்த்துக்கொள்வார்கள். பனிக்கட்டி கூடாது, அது புண்ணை ஆழமாக்கும். உங்கள் வீட்டு அடுப்படியில் நேரும் தீப்புண்ணுக்கும் இதே முறைதான். பேனா மை, பற்பசை, மாவு, சாணம், மஞ்சள், எண்ணெய் ஆகியவற்றில் எதுவும் அன்று வேண்டாம். அவை சூட்டை வெளியேறவிடாது. புண்ணின் நிறத்தை மறைத்து மருத்துவரை ஏமாற்றும். கிருமியையும் கொண்டு சேர்க்கும். தூய துணியாலோ, சமையலறையில் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ மூடிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிறகு ஆழத்தை ஆராய வேண்டும். சிவந்து, கொப்புளம் கண்டு, தொட்டால் வலிப்பது மேலெழுந்த புண். இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். வெளுத்தோ கறுத்தோ தோலாய்த் தடித்து, ஊசியால் தொட்டாலும் உணராதது ஆழ்ந்த புண். வலி இல்லை என்று மகிழக் கூடாது. வலியை உணரும் நரம்பு முனைகளே வெந்துவிட்டன என்று பொருள். அது தானாக நன்கு ஆறாது. செத்த சதையை நீக்கித் தோல் ஒட்டவேண்டும்.

மேலெழுந்த புண்ணை மூடுவதற்கு 1968 முதல் வெள்ளி கலந்த சல்ஃபாடயசின் களிம்பு உலகெங்கும் வழங்கி வந்தது. இப்போது அதனினும் நல்ல கட்டுகள் உண்டு. விலைதான் உறுத்துகிறது. இங்கே நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் செய்த வேலை எனக்குப் பெருமை தருகிறது. பம்பாயில் கேஸ்வானி என்ற மருத்துவர் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் பயன்படுத்தி 1985இல் எழுதினார். சோலாப்பூரில் சுப்பிரமணியம் என்பவர் 104 நோயாளிகளுக்குத் தேனையும் வெள்ளிக் களிம்பையும் ஒப்பிட்டு, தேன் விரைவாக ஆற்றுவதை 1991இல் எடுத்துரைத்தார். 2003இல் மும்பை மருத்துவர்கள் நீராவியில் தூய்மை செய்த வாழையிலையைத் தீப்புண்ணின்மேல் வைத்து, அது புண்ணில் ஒட்டாமல் வலியின்றிக் கழன்று வருவதைக் கண்டார்கள். அம்மை கண்டவரை வாழையிலையில் படுக்க வைக்கும் நமக்கு இது வியப்பன்று. கொல்லிமலை மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்தது. தேனும் வாழையும் அவர்கள் மலையின் செல்வம். ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். இவையெல்லாம் தூய்மை செய்து, மேலெழுந்த புண்ணுக்கு, மருத்துவர் பார்வையில் வைத்தவை. கொல்லையில் அறுத்த இலையை அப்படியே வைப்பதும், மின்சாரம் சுட்ட ஆழ்ந்த புண்ணின்மேல் தேனைத் தடவிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவதும் அந்த ஆராய்ச்சியின் முடிவுகள் அல்ல.

உங்கள் வீட்டில் யாரேனும் அறுவை செய்துகொண்டு திரும்பினால், கட்டுப் போட்ட இடத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். முதல்நாள் குளிப்பாட்டும்போது தொடை, பிட்டம், முதுகு, குதிகால் இவற்றையும் பாருங்கள். முன்பு இல்லாத திட்டோ கொப்புளமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டி, அது என்னவென்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

புண் ஆறிய பின்னும் வேலை முற்றிலும் முடிவதில்லை. ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாகையால் அது வறண்டு அரிக்கும்; வெயில் பட்டால் எளிதில் கறுக்கும். கூட்டுக்கு அருகே தழும்பு இழுத்துப் பிடித்தால் நாள்தோறும் பயிற்சி வேண்டும். முதல் நாளில் விலக்கச் சொன்ன தேங்காய் எண்ணெய் இப்போது நல்ல மருந்து. காலையும் மாலையும் மெல்லத் தேய்த்துவிடலாம். வயல் வேலைக்குப் போகிறவர் ஒரு வருடம் வரையிலேனும் தழும்பைத் துணியால் மறைத்துக்கொண்டே போக வேண்டும்.